மலையேறிய கடன்



வெளிநாட்டு உதவி என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுள் இரு சாரார் இரு விதமாகப் பேசுவதைக் காண்கிறோம். "வல்லரசுகள் தரும் ஒவ்வொரு காசுக்குப் பின்னாலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது" என்பர் ஒரு சாரார். "கொடுப்பவன் கொடுக்கிறான், வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதை விட்டுவிட்டு ஆராய்ச்சி எதற்கு?" என்பர் மறுசாரார். இரண்டும் திண்ணைப் பேச்சாகவே முடிந்துவிடுகின்றன. எவ்வளவு வந்தது, யார் தந்தார்கள், எந்த நிபந்தனையில் தந்தார்கள், வந்தது என்னவாயிற்று என்று கணக்குப் பார்ப்போர் மிகச் சிலரே. அந்தக் கணக்கை இத்திங்கள் நம் மாநிலத்து மலை ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

மூன்று ஜாகீர்களின் மலை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்றால் அடிவாரத்தில் கோமுகி அணையும், அதற்கு மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதையின் முடிவில் வெள்ளிமலையும் வரும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை இதுவே. இங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்திற்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அம்மக்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி.

நாடு 1947இல் விடுதலை பெற்றது. ஆயினும் இந்த மலை 1976ஆம் ஆண்டு வரை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களின் பிடியிலேயே இருந்தது. உழைப்பவனுக்கு நிலத்தின் மீது உரிமை இல்லை. கூலியில்லா வேலை வழக்கமாயிருந்தது. சமவெளியில் இருந்தவர்கள் வாக்குச் சீட்டும் பள்ளிக்கூடமும் பழகிக் கால் நூற்றாண்டு கடந்த பிறகே அரசு என்பது இந்த மலையில் முறையாகக் கால் வைத்தது. ஆகவே, இங்கு கல்வி பின்தங்கியதற்கு மக்களின் அறியாமையைக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. பள்ளியே காலம் தாழ்ந்துதான் வந்தது.

தாழ்ந்து வந்த பள்ளிக்கும் இடர்ப்பாடுகள் குறைவில்லை. இருபது வீடு இங்கே, முப்பது வீடு அடுத்த முகட்டில் என்று சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. மழைக் காலத்தில் ஓடையைக் கடந்து சிறு பிள்ளைகள் செல்ல இயலாது. சமவெளியில் வீடு உள்ள ஆசிரியர் பேருந்தை நம்பி மலையேற வேண்டும். பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் செல்லும் மாதங்களில் பிள்ளைகளும் உடன் சென்றுவிடுவர். வகுப்பறை கட்டிவிட்டால் மட்டும் இவற்றுள் எதுவும் தீர்ந்துவிடாது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கடல் கடந்து வந்த பணம்

1990ஆம் ஆண்டு தாய்லாந்து நாட்டின் ஜோம்தியன் நகரில் உலக நாடுகள் கூடி, அனைவருக்கும் அடிப்படைக் கல்வி என்று உறுதி எடுத்தன. அதற்கு அடுத்த ஆண்டு நம் நாடு கடும் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியது. அதுவரை ஆந்திரம், இராஜஸ்தான் போன்ற சில மாநிலங்களில் மட்டுமே தொடக்கக் கல்விக்கு வெளிநாட்டு உதவி பெற்றுவந்த இந்திய அரசு, 1994இல் பெரிய அளவில் கதவைத் திறந்தது. அவ்வாறு பிறந்ததே மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம். டி.பி.இ.பி. என்று ஆசிரியர்கள் இன்றும் நினைவுகூரும் திட்டம் அது.

பெண்களின் எழுத்தறிவு நாட்டின் சராசரிக்கும் கீழே இருந்த மாவட்டங்களுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தச் சராசரியே 39 விழுக்காடுதான். முதற்கட்டத்தில் ஏழு மாநிலங்களில் 42 மாவட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தமிழகத்தில் தருமபுரி, திருவண்ணாமலை, தென்னாற்காட்டுப் பகுதிகள் இடம்பெற்றன. கள்ளக்குறிச்சி அன்று தனி மாவட்டமன்று. 1993இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனால் கல்வராயன் மலையும் இத்திட்டத்தின் எல்லைக்குள் வந்தது. 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று.

ஒரு மாவட்டத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் 40 கோடி ரூபாய் வரை என்பது உச்சவரம்பு. செலவில் 85 விழுக்காடு மத்திய அரசின் பொறுப்பு. 15 விழுக்காடு மாநிலத்தின் பொறுப்பு. மத்திய அரசு தன் பங்கை உலக வங்கி, ஐரோப்பிய ஆணையம், பிரிட்டன், நெதர்லாந்து, யுனிசெஃப் ஆகியோரிடமிருந்து திரட்டியது.

நிபந்தனைகளைக் கேட்டால் வாசகர்கள் வியப்படையக்கூடும். கட்டடத்துக்கு 24 விழுக்காட்டுக்கு மேல் செலவிடக் கூடாது என்று தொடக்கத்தில் வரம்பு கட்டினார்கள். நிர்வாகச் செலவுக்கு 6 விழுக்காடு. எஞ்சியதெல்லாம் ஆசிரியர் பயிற்சி, பாடநூல், மாற்றுப் பள்ளி, பெண் குழந்தைகளுக்கான ஏற்பாடுகள் ஆகியவற்றுக்கு. வட்டார வள மையம் என்று இன்று நாம் அறியும் அமைப்பு இத்திட்டத்தின் வழியாகவே வேரூன்றியது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 2,000 ரூபாய். ஒவ்வோர் ஆசிரியருக்கும் கற்பிக்கும் கருவிகள் செய்ய 500 ரூபாய். சிறு தொகைதான். ஆனால் ஒரு பல்பு மாற்றவும் மேலிடத்துக்கு எழுதிக் காத்திருந்த தலைமையாசிரியரின் கையில் கிராமக் கல்விக் குழுவின் ஒப்புதலோடு செலவிடப் பணம் இருந்தது என்பது சிறு மாற்றமன்று.

எல்லாவற்றிலும் முக்கியமான நிபந்தனை வேறு. உதவி வருகிறது என்று சொல்லி, மாநில அரசு தொடக்கக் கல்விக்குத் தான் செலவிட்டு வந்த தொகையைக் குறைக்கக் கூடாது. வந்த பணம் இருப்பதன் மேல் சேர வேண்டுமேயன்றி, இருப்பதை விழுங்கிவிடக் கூடாது என்பது இதன் கருத்து.

கொடையா, கடனா?

இங்கே நாம் நின்று நிதானிக்க வேண்டும். உதவி என்னும் ஒரே சொல்லுக்குள் இரு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஐரோப்பிய ஆணையம் மத்தியப் பிரதேசத்துக்கு அளித்தது கொடை. திருப்பித் தர வேண்டியதில்லை. தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களுக்காக உலக வங்கியின் பன்னாட்டு வளர்ச்சிக் கழகம் அளித்த ஏறத்தாழ 26 கோடி டாலர் கடன். மாநிலத்துக்கு மானியமாக வந்து சேர்ந்தாலும், கடனாளியாகக் கையொப்பமிட்டது இந்திய அரசு.

அதற்கு வட்டி உண்டா? இல்லை என்பதே ஏட்டிலுள்ள விடை. ஆண்டுக்கு முக்கால் விழுக்காடு சேவைக் கட்டணம் மட்டும். முதல் பத்தாண்டு அசலைத் திருப்ப வேண்டியதில்லை. மொத்தத் தவணை 35 ஆண்டு. வட்டியின் கொடுமையை நன்கறிந்த நம் சமுதாயத்தவருக்கு இது கர்ழன் ஹஸனாவைப் போலத் தோன்றலாம். ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. வாங்கியது அந்நியச் செலாவணி; திருப்பித் தருவதும் அந்நியச் செலாவணி. 1994இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 31 ரூபாய். இன்று அது 85 ரூபாயையும் தாண்டிவிட்டது. வட்டி ஏறாவிட்டாலும் ரூபாயின் மதிப்பு இறங்கியதால் சுமை ஏறிவிட்டது. 1994இல் ஒன்றாம் வகுப்பில் அமர்ந்த மலைவாழ் சிறுமி இன்று முப்பத்தைந்து வயதைக் கடந்தவள். அவளுடைய பிள்ளைகள் பள்ளி செல்லும் காலத்திலும் அந்தக் கடன் அடைபட்டுக்கொண்டிருந்தது.

அதனால் கடன் வாங்கியது தவறு என்று சொல்லிவிடலாமா? அவசரப்படலாகாது. ஒரு தலைமுறை எழுத்தறியாமல் போவதும் கடன்தான். அதற்குத் தவணையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. வாங்கிய கடன் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தாயை உருவாக்கியிருந்தால், அது பலன் தந்த கடன். சுவர் மட்டும் எழுப்பி ஆசிரியர் வராத பள்ளியை விட்டுச் சென்றிருந்தால், அது வீண் கடன். இரண்டும் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

கை மடங்கும்போது

பிறர் பணத்தில் பள்ளி நடத்துவதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. இராஜஸ்தானில் 1992இல் தொடங்கிய லோக் ஜும்பிஷ் என்னும் மக்கள் கல்வி இயக்கம், ஸ்வீடன் நாட்டின் உதவியோடு நல்ல பெயர் பெற்று வளர்ந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. ஸ்வீடன் உதவியை நிறுத்தியது. குண்டுக்கும் பாலைவனத்துச் சிறுமியின் சிலேட்டுக்கும் என்ன தொடர்பு? தொடர்பை உண்டாக்கியது பணம்.

பாலஸ்தீன அகதிச் சிறார் இலட்சக்கணக்கானோர் படிக்கும் ஐ.நா. நிவாரணப் பணி முகமையின் பள்ளிகளும் இவ்வாறே நன்கொடை நாடுகளின் அரசியலுக்கு ஆட்பட்டுள்ளன. 2018இலும் 2024இலும் அமெரிக்கா தன் நிதியை நிறுத்தியபோது ஆசிரியர் சம்பளமே கேள்விக்குறியாயிற்று.

செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாக அளிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. அந்த அளவை எட்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. இப்போது இருப்பதும் சுருங்குகிறது. அமெரிக்காவின் உதவி நிறுவனமாகிய யு.எஸ்.எய்டு 2025 ஜூலையில் மூடப்பட்டது. பிரிட்டன் தன் உதவியை 0.5 விழுக்காட்டிலிருந்து 2027இல் 0.3 விழுக்காடாகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. உலகில் பள்ளி செல்லாப் பிள்ளைகளும் இளையோரும் 27 கோடியே 20 இலட்சம் என்று யுனெஸ்கோ மதிப்பிட்டதும் அதே 2025ஆம் ஆண்டில்தான். இந்தியா இன்று இந்தப் பணத்தை நம்பியிருக்கவில்லை. ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகள் பல நம்பியிருக்கின்றன. அவர்களுள் நம் சகோதரர்கள் மிகுதி.

தூரத்து நாடுகள் மட்டும்தான் கையை மடக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு தமிழகத்துக்குத் தர வேண்டிய 2,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை, பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் கையொப்பமிடாததை ஒட்டி நிறுத்தப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கொடுக்கும் கை எதுவாயினும், நிபந்தனையின் சுமை கடைசியில் வந்து விழுவது வகுப்பறையின் மீதே.

ஏணியா, ஊன்றுகோலா?

பிறர் உதவியை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1956இல் காமராஜர் ஆட்சிக் காலத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டம் அரசின் ஆதரவோடு விரிந்தது. 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் அதற்குப் பால் பவுடர், சோளமாவு, எண்ணெய் ஆகியவற்றை அளித்தது. அந்தச் சோளமாவின் சுவையை மறவாத பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவுபடுத்தியபோதும், 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோதும் செலவைச் சுமந்தது அரசின் கருவூலம். அயலார் தந்ததை ஏணியாகப் பயன்படுத்தி ஏறிவிட்டோம். ஊன்றுகோலாக்கி அதன் மீதே சாய்ந்திருக்கவில்லை.

தொடக்கக் கல்வியிலும் அதுவே நிகழ்ந்தது. டி.பி.இ.பி.யைத் தொடர்ந்து வந்த அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு 2004இல் உலக வங்கி 50 கோடி டாலர் அளித்தது உண்மை. ஆனால் அதே ஆண்டு மத்திய வரிகள் மீது 2 விழுக்காடு கல்விக்கான கூடுதல் வரி விதிக்கப்பட்டது. சோப்பு வாங்கிய ஏழைத் தாயும் அந்த வரியைச் செலுத்தினாள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், இதனை எவருடைய தயவாகவும் விடாமல் குழந்தையின் உரிமையாக்கியது.

எனினும் மலையின் கணக்கு இன்னும் நேராகவில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதன் பின்னரே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று அடிப்படைத் தேவைகளைப் பற்றி அரசைக் கேட்டது. திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, தேவைக்கு இல்லை.

நமக்குரிய பாடம்

இக்கணக்கிலிருந்து நம் ஜமாஅத்துகள் கற்க வேண்டியது நிறைய உண்டு. வளைகுடாவிலிருந்து ஒரு சகோதரர் பணம் அனுப்பினால் நாம் முதலில் செய்வது என்ன? கட்டடம் எழுப்பி, வாயிலில் பெயர் பொறித்துப் பளிங்குக் கல் பதிப்பது. ஆசிரியையின் சம்பளத்துக்கு அடுத்த ஆண்டு என்ன வழி என்று கேட்பவர் அரிது. கடன் தந்த உலக வங்கிக்குக்கூடக் கட்டடத்துக்கு வரம்பு வேண்டும் என்று தோன்றியது, நமக்குத் தோன்றவில்லையே! கொடுப்போரின் கண் மருத்துவப் படிப்பின் மீதும் பொறியியலின் மீதும் விழுகிறது. மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளையின் மீது விழுவதில்லை. அடித்தளம் இல்லாமல் மாடி ஏது?

ஆகவே மூன்று செயல்களை முன்வைக்கிறேன். முதலாவது, வெளியிலிருந்து வரும் நன்கொடை எதுவாயினும், அது நிற்கும் நாளில் செலவை யார் ஏற்பது என்பதை வாங்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். இரண்டாவது, வாடகை வரும் வக்ஃபு சொத்து உள்ள ஊர்களில், வக்ஃபின் நோக்கம் இடம் தருமானால், அதில் ஒரு பங்கைச் சம்பளத்துக்கென்று நிலையாக ஒதுக்குங்கள். மூன்றாவது, அரசுப் பள்ளியை அயலார் பள்ளியாகக் கருதாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்கள் அந்தக் குழுவில் அமர எந்தத் தடையும் இல்லை. எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, எத்தனை சிறுமியர் இடைநின்றனர் என்று கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் ஊர்ப் பள்ளியின் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்த நாளில் என்று இவ்வாரமே கேட்டறியுங்கள். வீட்டுப் பெண்களை அனுப்பி வையுங்கள்.