பயிற்சிக்கு ஏழைப் பெண். பயனுக்குத் தனியார் சந்தை

மருத்துவக் கல்லூரிகளைப் பார்வையிடும் ஆய்வாளர்களின் அறிக்கைகளில் நெடுங்காலமாக ஒரு சொற்றொடர் புழங்கி வருகிறது: 'கிளினிக்கல் மெட்டீரியல்'. மருத்துவமனைக்கு வரும் நோயாளர்களைத்தான் அது குறிக்கிறது. 'மெட்டீரியல்' போதுமான அளவில் இருந்தால் அங்கீகாரம் கிடைக்கும். தமிழில் பெயர்த்தால் 'மருத்துவக் கச்சாப் பொருள்' என்றாகும். கச்சாப் பொருள் கிடைக்காத தனியார் கல்லூரிகள் ஆய்வு நாளன்று போலி நோயாளிகளைப் படுக்கவைத்து நிரப்பிய கதை, 2025இல் சிபிஐ பதிவு செய்த ஊழல் வழக்கிலும் இடம்பெற்றுவிட்டது. சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. மகப்பேறு மருத்துவக் கல்வியைப் பொறுத்தவரை அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

மகப்பேறு மருத்துவம் நூலை மட்டும் படித்து வருவதன்று. கருப்பையின் வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, குழந்தையின் தலை எங்கே நிற்கிறது, பேற்றுக்குப் பின் குருதிப்போக்கு ஏன் நிற்கவில்லை என்பனவற்றைக் கைதான் கற்க வேண்டும். மாணவர் கை வைக்காமல் மருத்துவர் உருவாவதில்லை. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாருடைய உடலில் கற்கிறார்கள் என்பதே கேள்வி. கட்டணம் செலுத்தித் தனியறையில் பேறு காணும் பெண்ணை எந்த மாணவரும் நெருங்குவதில்லை. அரசுக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு படுக்கையை இருவராகப் பகிர்ந்துகொள்ளும் கூலித் தொழிலாளி, தலித் பெண், பழங்குடிப் பெண், இஸ்லாமியப் பெண் ஆகியோரே பாடநூல்கள். வலியில் துடிப்பவளை ஒருவர் பின் ஒருவராகச் சோதிக்கிறார்கள். அவளிடம் அனுமதி கேட்கும் வழக்கம் அரிது. 'கத்தாதே' என்று அதட்டும் குரலும் பாடத்தின் பகுதியாகவே மாணவர் காதில் விழுகிறது.

இந்தப் பாடம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதைச் சத்தீஸ்கர் கண்டது. 2014 நவம்பர் 8 அன்று பிலாஸ்பூர் அருகே பெண்டாரியில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில், 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் ஒரே லேப்ராஸ்கோப்பைக் கொண்டு சில மணி நேரத்தில் கருத்தடை அறுவை செய்து முடித்தார். ஒரு மருத்துவர் ஒரு நாளில் 30 அறுவைக்கு மேல் செய்யலாகாது என்பது அரசின் சொந்த நெறிமுறை. அந்த மாவட்டத்தில் அவ்வாரம் நடந்த முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்களில் 13 பேர் மாண்டனர். அதே மருத்துவரை, 50,000 அறுவைகள் செய்து முடித்தார் என்பதற்காக, அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் மாநில பாஜக அரசு பாராட்டிச் சிறப்பித்திருந்தது! தனிமனிதர் ஒருவரைக் கூண்டிலேற்றுவதோடு கணக்கு முடிந்துவிடுமா? இலக்கு வைத்தது அரசு. எண்ணிக்கையைத் திறமை என்று கற்பித்ததும் அரசு. பிகார் மாநிலம் அராரியாவில் 2012இல் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்ததை எதிர்த்துத் தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2016இல் ஆணையிட நேர்ந்தது. அதற்குப் பின்னரும் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) கருத்தடை அறுவையைச் சார்ந்திருக்கும் பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3 விழுக்காடு.

ஏழைப் பெண்ணின் உடலில் பெற்ற திறன் பின்னர் எங்கே போகிறது? ஒன்றிய அரசின் 2021-22 ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரம் விடை சொல்கிறது. சமுதாய நலவாழ்வு மையங்களுக்குத் தேவைப்படும் மகப்பேறு மருத்துவர்களில் 74.2 விழுக்காட்டினர் இல்லை. நான்கில் மூன்று நாற்காலிகள் காலி. தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாவட்ட மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் போகும் பெண் வழியிலேயே குருதி வடிந்து சாவதற்கு 'பரிந்துரைத்து அனுப்பப்பட்டார்' என்று பதிவேட்டில் பெயர். 2018-20 மாதிரிப் பதிவு ஆய்வின்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு கேரளத்தில் 19, உத்தரப் பிரதேசத்தில் 167, மத்தியப் பிரதேசத்தில் 173, அசாமில் 195. 'இரட்டை எஞ்சின்' ஆட்சிகளின் பெருமை பேசுவோர் இந்த எண்களைத் தம் விளம்பரப் பலகைகளில் எழுதுவதில்லை.

சந்தையிலோ திறனுக்குப் பஞ்சமில்லை. மேற்சொன்ன குடும்பநல ஆய்வு, அரசு மருத்துவமனைகளில் நிகழும் பேறுகளில் 14.3 விழுக்காடு சிசேரியன் என்கிறது. தனியாரில் அது 47.4. தெலங்கானாவின் தனியார் மருத்துவமனைகளில் 81.5. பத்தில் எட்டுப் பெண்களால் இயல்பாகப் பிள்ளை பெற இயலவில்லை என்று எந்த அறிவியலும் கூறாது. ஒருபுறம் கத்தி கிடைக்காமல் சாவு, மறுபுறம் தேவையில்லாத கத்தி. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். முதுநிலை இடத்துக்குக் கோடிகளைக் கொட்டியவர் போட்ட முதலை எங்கிருந்து மீட்பார்?

இடங்களைப் பெருக்கிவிட்டோம் என்கிறது மோடி அரசு. 2014க்கு முன் 31,185 ஆக இருந்த முதுநிலை இடங்கள் இப்போது 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன என்று நாடாளுமன்றத்தில் கணக்குக் காட்டுகிறது. இடம் பெருகியது உண்மையே. விலைக்கு வாங்கப்பட்ட இடம் அராரியாவுக்குப் போகாது என்பதும் உண்மை. நிதி ஆயோக்கோ மாவட்ட மருத்துவமனைகளையே தனியார் மருத்துவக் கல்லூரிகளிடம் ஒப்படைக்கும் திட்டத்தை முன்வைத்தது. புஜ் நகரின் மாவட்ட மருத்துவமனையை அதானி குழுமத்திடம் ஒப்படைத்து குஜராத் அரசு இதற்கு என்றோ வழிகாட்டிவிட்டது. கச்சாப் பொருளுக்கு அலையும் முதலாளிக்கு அதைப் படுக்கையோடு சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு இது.

வேறு வழி இல்லையா? அரசுக்கே தெரிந்த வழி இருக்கிறது. பணியிலுள்ள எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 16 வாரம் அவசர மகப்பேறு சிகிச்சையும், வேறு சிலருக்கு 18 வாரம் உயிர்காக்கும் மயக்க மருத்துவமும் கற்பிக்கும் திட்டங்கள் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே தொடங்கப்பட்டன. சிசேரியன் செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். பின் என்ன செய்தார்கள்? பயிற்சி முடித்தோரில் பலரை அறுவை அரங்கும் குருதிச் சேமிப்பும் இல்லாத இடங்களுக்கு அனுப்பினார்கள். மயக்கம் கற்றவர் ஓர் ஊரில், மகப்பேறு கற்றவர் வேறோர் ஊரில். கற்ற கை மறந்து போயிற்று. ஊரகப் பணியில் இருப்போருக்கு முதுநிலைப் படிப்பில் இடஒதுக்கீடு அளித்துத் தமிழ்நாடு தன் அரசு மருத்துவமனைகளுக்கு வல்லுநர்களை உருவாக்கியது. மருத்துவக் கவுன்சிலின் விதியைக் காட்டி அதற்குத் தடை எழுந்தது. அந்த உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்ற தீர்ப்பைப் பெற, அரசு மருத்துவர்கள் 2020 ஆகஸ்ட் 31 வரை அரசமைப்பு அமர்வின்முன் போராட வேண்டியிருந்தது.

பாடத்திட்டத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் செய்யப்படும் 'இரு விரல் சோதனை' இழிவானது, அறிவியலற்றது என்று கூறி, மருத்துவப் பாடத்திலிருந்தே அதை நீக்குமாறு உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் ஆணையிட்டது. இரண்டாண்டுகள் கூட நிறைவடையாத 2024 ஆகஸ்ட் இறுதியில், கன்னித்திரையின் முக்கியத்துவத்தையும் 'இயற்கைக்கு மாறான' பாலுறவையும் பாடமாக்கி நெறிமுறை வெளியிட்டது தேசிய மருத்துவ ஆணையம்! எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களில் திரும்பப் பெற்றது. அப்படிப் படித்து வரும் மருத்துவரிடம் ஒரு பெண் எந்த நம்பிக்கையில் தன் உடலைக் காட்டுவாள்?

2025க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 விழுக்காட்டை நலவாழ்வுக்குச் செலவிடுவோம் என்று 2017இன் தேசிய நலவாழ்வுக் கொள்கை வாக்களித்தது. அந்த ஆண்டும் கடந்துபோயிற்று. ஒவ்வொரு சமுதாய நலவாழ்வு மையத்திலும் மகப்பேறு கற்றவரும் மயக்கம் கற்றவரும் ஒருசேரப் பணியமர்த்தப்பட வேண்டும். குருதிச் சேமிப்பு அங்கேயே வேண்டும். அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பணி மருத்துவருக்குரிய பங்கு எல்லா மாநிலங்களிலும் உறுதி செய்யப்பட வேண்டும். மாணவர் கை வைக்குமுன் பேற்று மேசையில் கிடக்கும் பெண்ணிடம் அனுமதி கேட்பது தேர்வில் மதிப்பெண் பெறும் பாடமாக வேண்டும். இவற்றுக்கு எத்தனை கோடி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை அடுத்த வரவு செலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் சொல்லட்டும்.