கண் நிறைந்தது, மனம் நிறையவில்லை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் படநிலையத்தின் பழைய நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930-களில் நிறுவிய அந்நிலையம், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை நாட்டுக்கு வழங்கியது. அவற்றுள் ஒன்று, 1940-இல் வெளிவந்த ‘உத்தம புத்திரன்’. பி. யு. சின்னப்பா ஒருவரே இருவராகத் திரையில் தோன்றியது அக்காலத்து மக்களுக்குப் பெரும் விந்தை. ஆயினும் அவ்விந்தை கதைக்குப் புறம்பானதன்று. ஒரே முகம் கொண்ட இரு சகோதரருள் ஒருவன் கொடியவன், மற்றவன் நல்லவன் என்பதே கதை. இரட்டைத் தோற்றத்தை நீக்கினால் கதையே இல்லை. திரையில் காட்டப்படும் அதிசயங்களை மதிப்பிட இது ஓர் எளிய அளவுகோல்.

இவ்வளவுகோலைக் கொண்டு ‘2.0’ என்னும் படத்தை இம்மாதம் நோக்குவோம். 2018 நவம்பர் 29 அன்று திரைக்கு வந்த இது, 2010-இல் வெளியாகிப் பெருவெற்றி பெற்ற ‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சி. இரண்டையும் இயக்கியவர் ஷங்கர். அறிவியலறிஞர் வசீகரனாகவும், அவர் படைத்த இயந்திர மனிதன் சிட்டியாகவும் நடித்தவர் ரஜினிகாந்த். மனித ஆற்றலைக் கடந்த வீரர்களை மேனாட்டுப் படங்களிலேயே கண்டுவந்த நம் பிள்ளைகளுக்கு, தமிழ் பேசும் அத்தகைய வீரன் ஒருவனை அளித்த பெருமை இப்படங்களுக்கு உண்டு.

காட்சியழகில் ‘2.0’ குறை வைக்கவில்லை. முப்பரிமாணக் கருவிகளைக் கொண்டே அது படமாக்கப்பட்டது. செலவு ஐந்நூறு கோடி ரூபாயைத் தாண்டியதாகக் கூறப்பட்டது. சென்னை மக்களின் கைபேசிகள் அவரவர் கையினின்றும் பறித்தாற்போல் வானில் பறப்பதும், ஆயிரமாயிரம் கைபேசிகள் ஒன்றுகூடி மாபெரும் பறவையாய் உருக்கொள்வதும் காண்போரை வியப்பில் ஆழ்த்தின. கூட்டமும் திரண்டது, வசூலும் குவிந்தது. அவ்வாறிருந்தும், ‘எந்திரன்’ தந்த நிறைவை இது தரவில்லை என்று பலர் குறைப்பட்டனர். அக்குறை எதனால் எழுந்தது?

முதற்படத்தை நினைவுகூர்வோம். தீப்பற்றிய கட்டடத்தினின்று, குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணைச் சிட்டி காப்பாற்றி, ஆடையின்றியே ஊரார் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. நாணம் தாங்காத அப்பெண் ஓடுகிறாள். வாகனத்தில் அடிபட்டு மாள்கிறாள். உயிரைக் காக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு மானத்தைக் காக்கத் தெரியவில்லை. பின்னர் அதற்கு உணர்ச்சியை ஊட்டுகின்றனர். அது காதல் கொள்கிறது. கிட்டாத காதல் வெறியாகிறது. தீயவர் கையால் சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டதும் அது அழிவுக் கருவியாகிறது. இறுதியில் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பணிந்து, தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிறது. அறிவு மட்டும் மனிதனை மனிதனாக்குமா என்னும் கேள்வி படமெங்கும் இழையோடியதால், சண்டைக் காட்சிகள் மறந்த பின்பும் அது நெஞ்சில் நின்றது.

‘2.0’ படத்திலும் கேள்வி இல்லாமலில்லை. ஆனால் அது வீரனிடம் இல்லை; அவனுடைய பகைவனிடம் இருந்தது. அக்‌ஷய் குமார் நடித்த பட்சிராஜன் பறவைகளுக்காகவே வாழும் முதியவர். கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று முறையிட்டு எங்கும் பயன் காணாமல், அத்தகைய கோபுரம் ஒன்றிலேயே தூக்கிட்டு உயிர் துறக்கிறார். அவருடைய கதை சொல்லப்படும் பகுதியே படத்தின் உயிர்ப்பான பகுதி. அது முடிந்தவுடன், பார்ப்பவரின் இரக்கம் முழுதும் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அந்நிலையில் அவரை வெல்ல வரும் சிட்டியிடம் அவருக்கு அளிக்க மறுமொழி ஒன்றுமில்லை. வலிமை மட்டுமே இருக்கிறது. முதற்படத்தில் தீமையின் வித்தாகக் காட்டப்பட்ட அதே சிவப்புச் சில்லு, இப்போது வெற்றிக்கு உதவியாக மீண்டும் பொருத்தப்படுகிறது. அதுபற்றி யாரும் தயங்கவில்லை. முடிவில், புறாக்களின் மேலேறி வரும் சிற்றுருவ இயந்திரங்கள் பறவைகளையே பணயமாக்கி அம்முதியவரைப் பணியவைக்கின்றன. பறவைகளுக்காகப் பரிந்து பேசிய படம், பறவைகளைக் காட்டி மிரட்டி வெற்றி காண்கிறது! எல்லாம் முடிந்தபின் பட்சிராஜன் சொன்னதில் நியாயம் உண்டு என்று வசீகரன் கூறுவது, அடித்தபின் அணைப்பது போன்றது. உருவங்கள் பெரிதாகப் பெரிதாகக் கேள்வி சிறிதாயிற்று. ஏமாற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். கைபேசிக் கோபுரங்களே சிட்டுக்குருவிகளை அழித்தன என்று படம் பார்த்த பிள்ளைகள் உறுதியாக நம்பக்கூடும். அதற்கு உறுதியான சான்று இதுவரை கிடைக்கவில்லை. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கின் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்றும், பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் கூறியது. ஓட்டுவீடுகள் மறைந்து கூடுகட்டப் பொந்தின்றிப் போனதும், குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகள் அருகியதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. கோபுரத்தைக் குற்றவாளியாக்குவது எளிது. நம் வீட்டுச் சுவரையும், தோட்டத்து மருந்தையும் எண்ணிப்பார்ப்பது கடினம். படம் எளியதையே தேர்ந்துகொண்டது.

ஏற்காட்டில் வாழும் குடும்பங்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. வெளியூரில் வேலை செய்யும் மகனின் குரலை மலைச்சிற்றூருக்குக் கொண்டுவருவது அக்கோபுரம்தான். காக்பர்ன் என்னும் ஆட்சியர் காலத்தில், 1820-களில், இம்மலையில் காலூன்றிய காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்கள் நிற்கும்வரை பறவைகளுக்கும் இடமுண்டு. இரண்டையும் எப்படிக் காப்பது என்பதே உண்மையான வினா. அதற்கு விடை தேட மாபெரும் வீரர் எவரும் வரப்போவதில்லை. மரத்தை வெட்டுமுன் ஒருமுறை தயங்கும் தோட்டக்காரரும், பூச்சிமருந்தைக் குறைக்கும் குடியானவரும் போதும். வீட்டில் இப்படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கும் பெற்றோர், முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கட்டும்: “அந்தப் பெரியவருக்கு நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்?” படம் சொல்லாமல் விட்டதைப் பிள்ளைகள் சொல்லக்கூடும்.