விழுந்து அடிப்பது வீரமல்ல

"பயப்படாம விழுந்து அடிடா!" சென்ற ஞாயிறு சிறுவர் கால்பந்து ஆட்டம் ஒன்றில் பயிற்சியாளர் போட்ட கூச்சல் இது. பையன் விழுந்தான். பந்து எப்போதோ போய்விட்டிருந்தது. அகப்பட்டது எதிரணிப் பையனின் கணுக்கால். பெற்றோர் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

டாக்கிளுக்கு, அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதற்கு, துணிச்சல் போதும் என்ற நம்பிக்கை வடிகட்டிய பொய். வேண்டியது தூரக் கணக்கும் நேரக் கணக்கும். பந்து எதிராளியின் காலை விட்டு விலகி, அடுத்து அவன் தொடுவதற்குள் ஒரு நொடிப்பொழுது கிடைக்கிறது. அப்போது அது நம் கால் எட்டும் இடத்தில் இருக்குமா? தேர்ந்த டிஃபெண்டருக்கு இது பார்த்ததும் தெரியும். கற்றுக்குட்டி, பந்து இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்துப் பாய்கிறான். தன் கால் போய்ச் சேரும்போது அது எங்கே இருக்கும் என்பது அவன் கணக்கில் இல்லை. அவனுக்குத் துணிச்சலை ஏற்றினால் இன்னும் தொலைவிலிருந்து பாய்வான். அவ்வளவுதான்.

1970 உலகக் கோப்பை, குவாதலஹாரா. பிரேசிலின் ஜெய்ர்சினியோ பந்தோடு பாய்ந்து வருகிறார். அன்றைய ஒரே கோலை அடித்தவர் அவர்தான். எதிரே இங்கிலாந்து அணித் தலைவர் பாபி மூர். மூர் வேகமானவரல்ல, அது ஊரறிந்த விஷயம். அவர் முட்டி மோதப் போகவில்லை. பின்வாங்கினார், பொறுத்தார், பெனால்டி பாக்ஸுக்குள் வரும்வரை பொறுத்தார். கொஞ்சம் பிசகினாலும் பெனால்டி. சரியான கணத்தில் காலை நீட்டிப் பந்தைப் பறித்துக்கொண்டு போனார். இதில் துணிச்சல் இல்லையா? இருக்கிறது. பாயாமல் காத்திருக்கும் துணிச்சல்!

மூருக்குக் கைகொடுத்த அந்தக் காத்திருப்பை எந்தப் பயிற்சியாளர் கற்றுத் தருகிறார்? பக்கவாட்டில் திரும்பி நின்று பின்வாங்கும் பயிற்சி எங்கே நடக்கிறது? ஆள் தேர்விலும் இதே கோளாறுதான்: உயரமான, தடித்த பையனைப் பார்த்ததும் டிஃபெண்டர் என்று எழுதிவிடுகிறார்கள். 2006இல் இத்தாலிக்குக் கோப்பை வாங்கித் தந்த அணித் தலைவர் கன்னவாரோ, அப்போது உலகின் தலைசிறந்த டிஃபெண்டர், வெறும் 1.76 மீட்டர்.

போதாக்குறைக்கு நடுவர்மீது வசை. "பந்தைத்தானே தொட்டான்?" என்று அப்பாக்கள் கத்துகிறார்கள். பந்தை முதலில் தொட்டால் எல்லாம் மன்னிக்கப்படும் என்று விதியில் எங்குமே இல்லை. கவனக்குறைவாகப் போனாலே ஃபவுல். அளவுமீறிய பலத்தோடு மோதினால் சிவப்பு அட்டை. மூரின் டாக்கிளுக்கு இப்படி யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. விழாத பையனைப் பயந்தாங்கொள்ளி என்று பெஞ்சில் உட்காரவைக்கும் பயிற்சியாளர்கள், முதலில் அந்த விதிப் புத்தகத்தைப் படிக்கட்டும். பிறகு மைதானத்துக்கு வரட்டும்.