வேரும் மரம்தானே, ஐயா!

எங்கள் தெருமுனை வேப்பமரத்தை வெட்டி எடுத்துப்போனது இந்த வருஷம் மாசி மாதத்தில். அதற்கு உயிர் போனதோ இரண்டு வருஷம் முன்பே, மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டிய அன்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். மரத்தின் அடியிலிருந்து ஓரடி தள்ளி, பொக்லைன் பக்கெட் மண்ணுக்குள் இறங்கியது. மேலே வரும்போது தொடைப் பருமனில் ஒரு வேரைக் கவ்வி இழுத்தது. வேர் உடனே அறவில்லை. பட்டை உரிந்து, நார்நாராகக் கிழிந்து, மரம் முழுக்க ஒரு தரம் குலுங்கிய பிறகுதான் அறுந்தது. கிளைகளில் இருந்த காக்கைகள் எல்லாம் ஒன்றாகப் பறந்தன.

"தம்பி, நிறுத்துப்பா, வேர் போகுது!" என்று கத்தினேன். ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. எந்திரத்தை நிறுத்திவிட்டு சூப்பர்வைசரைப் பார்த்தான். அவர் வந்து, "மரத்த நாங்க தொடவே இல்லையேம்மா. லைன்ல வர்ற வேர மட்டும்தான் எடுக்கிறோம். மரம் அப்படியே இருக்கும், பயப்படாதீங்க" என்றார். அதிகாரமாகப் பேசவில்லை, பொய்யும் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வேர் வேறு, மரம் வேறு என்று நம்பிக்கொண்டு ஒரு ஊரே பள்ளம் தோண்டினால், எந்த மரம் பிழைக்கும்?

அந்த வேம்பின் கீழே பத்தொன்பது வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் எங்கள் தெருவுக்கே அண்ணன். கரிப்பெட்டியின் அனலோடு சித்திரை வெயிலில் ஒரு மனிதர் நின்று வேலை செய்ய முடிந்தது என்றால் அந்த நிழலால்தான். பள்ளிக்கூட வேனுக்குப் பிள்ளைகள் காத்து நிற்பது அங்கே. கீரைக்கார அம்மா கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்குவது அங்கே. அம்மை போட்ட வீட்டுக்காரர்கள் கொத்து ஒடிக்க வருவதும் அதே மரத்துக்குத்தான். வேப்பம்பூ உதிரும் நாட்களில் விடிகாலையிலேயே முறத்தோடு வந்து சேகரித்துப் போகிற பாட்டிகள் இரண்டு பேர் இருந்தார்கள். இவ்வளவும் ஓரடி தள்ளித் தோண்டிய ஒரு பள்ளத்தில் போயிற்று. நாலடி தள்ளி வளைத்திருந்தால் வடிகால் என்ன, ஓடாமல் நின்றுவிடுமா?

வேர் போன முதல் வருஷம் மரம் கொட்டிக்கொட்டிப் பூத்தது. தெருவே மணத்தது. "பாத்தீங்களா, மரம் எவ்வளவு செழிப்பா இருக்கு!" என்று சொன்னார்கள். உயிருக்குத் திண்டாடும் மரம் சில சமயம் அப்படித்தான், இருக்கிற சத்தையெல்லாம் திரட்டிப் பூத்துக் காய்த்துவிடும். அடுத்த பங்குனியில் தளிர் பாதிக் கிளைகளில்தான் வந்தது. உச்சி மொட்டையாக நின்றது. ஐப்பசிக் காற்றில் ஒரு கிளை முறிந்து ஆட்டோவின் கூரைமேல் விழ, அதற்குப் பிறகு அது வேப்பமரம் இல்லை, அபாய மரம். மனு போயிற்று, அனுமதி வந்தது, ரம்பம் வந்தது. காகிதத்தில் 'பட்டுப்போன மரம்' என்று எழுதினார்கள். எதனால் பட்டுப்போனது என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

இப்படிச் செத்த மரங்கள் நம் ஊர்களில் எத்தனை! வெட்டிய மரத்துக்காவது கணக்கு இருக்கிறது. விட்டுவைத்ததாகச் சொல்லிக் கொன்ற மரத்துக்குக் கணக்கே இல்லை.

நம்மில் பெரும்பாலானவர்கள் வேரைப் பற்றி நினைத்திருப்பதே தப்பு. மேலே மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்கு ஆணிவேர் கீழே போகும், பக்கத்தில் கொஞ்சம் வெட்டினால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். உண்மையில் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. கிளை விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டி அவை பரவும். மரத்தைப் பிடித்து நிறுத்துகிற தடித்த வேர்களும் அடிமரத்திலிருந்து பக்கவாட்டில்தான் கிளம்புகின்றன. வடிகால், கேபிள், குடிநீர்க் குழாய், நடைபாதை என்று நாம் தோண்டுகிற எல்லாமே அந்த மேல்மண்ணில்தான். ஒரு பக்கம் வேரை இழந்த மரம் அடுத்த புயலில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வெளிநாட்டு மரங்களை நட்டதுதான் காரணம், அவற்றுக்கு வேர்ப்பிடிப்பு இல்லை என்று பேசினோம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் அடியில் சிமென்ட் பூசி, நடைபாதைக் கல் பதித்து, ஒரு பக்கம் வடிகால் சுவரும் மறுபக்கம் தாரும் நெருக்க நின்ற மரம் எந்த நாட்டு மரமாக இருந்தால் என்ன? அதற்கு வேர் விட நாம் இடம் எங்கே கொடுத்தோம்?

தோண்டுவதோடு முடிகிற வேலையும் இல்லை. கட்டடம் எழும்பும் இடத்தில் மரத்தைச் சுற்றித்தான் ஜல்லியைக் கொட்டுவார்கள். நிழல் இருக்கிறதே என்று லாரியை அங்கேதான் நிறுத்துவார்கள். மண் இறுகிப்போகும், காற்றும் நீரும் போகிற நுண்ணிய துளைகள் அடைந்துபோகும், வேர் மூச்சுத் திணறும். கலவை எந்திரத்தைக் கழுவிய சுண்ணாம்புத் தண்ணீரை மரத்தடியிலேயே ஊற்றுவார்கள். தோண்டிய மண்ணை அடிமரத்தைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குக் குவித்து, அதுவே மரத்துக்குப் பாதுகாப்பு என்றும் சொல்வார்கள். எதுவும் அன்றைக்கே மரத்தைக் கொல்லாது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், சிலசமயம் அதற்கும் மேல் ஆகும். அதற்குள் ஒப்பந்தக்காரர் பில் வாங்கி வேறு ஊருக்குப் போயிருப்பார்.

மற்ற நாடுகளில் இதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். பிரிட்டனின் தரநிலையும் ஆஸ்திரேலியாவின் தரநிலையும் ஒரே கணக்கைத்தான் சொல்கின்றன. மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டம் எவ்வளவோ, அதைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரம் சுற்றிலும் வேருக்குரிய நிலம். வேலை தொடங்கும் முன்பே அதற்கு வேலி போட்டுவிட வேண்டும். எங்கள் வேம்பின் சுற்றளவு ஆறடி. நானே கயிறு போட்டு அளந்தது. விட்டம் கிட்டத்தட்ட இரண்டடி வரும். பன்னிரண்டால் பெருக்கினால் இருபத்து மூன்று அடி. எங்கள் தெருவின் அகலமே இருபது அடிதான். இந்தக் கணக்கை அப்படியே இங்கே வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இருபத்து மூன்று அடி முடியாது என்பதற்காக ஓரடியில் பக்கெட்டை இறக்கலாமா? நடுவில் ஆறடி, எட்டடி என்று ஒன்றுமே கிடையாதா?

டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை உடைத்து எடுக்கும்படி 2013-இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கர்நாடகம் 1976-இலும் டெல்லி 1994-இலும் மரங்களுக்கென்றே சட்டம் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் 1955-இல் வந்த மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கானது. சமவெளியில் அரசு நிலத்து மரத்தை வெட்ட, கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் போக வேண்டும். பனைமரத்தை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021-இன் முதல் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்லதுதான், கைகூப்பி வரவேற்கிறேன். ஆனால் நம் ஊரின் இந்த அனுமதி விதிகள் 'வெட்டுதல்' என்ற சொல்லைச் சுற்றியே நிற்கின்றன. எங்கள் தெருவில் பள்ளம் தோண்டிய அன்று யாரும் மரத்தை வெட்டவில்லை. அதனால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மரத்துக்கு விலை போட்டும் பார்த்தாயிற்று. மேற்கு வங்கத்தின் ஜெசூர் சாலையில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 பழைய மரங்களை வெட்டும் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணக்குக் கொடுத்தது. இவ்வளவு கணக்குப் பார்த்த பிறகும் 2023-இல் அந்த மரங்களை வெட்ட அனுமதி கிடைத்துவிட்டது. நம் வடிகால் எஸ்டிமேட்டுக்கு வருவோம். மரத்தை வெட்டி அகற்றுவதற்குச் சுற்றளவு வாரியாக ரேட் உண்டு. வேரைக் காப்பாற்ற வேலி போட, கையால் தோண்ட, வடிகாலை வளைக்க என்று ஒரு வரி, நான் கேட்டு வாங்கிப் பார்த்த எஸ்டிமேட்டில் இல்லை. வெட்டினால் காசு வரும், காப்பாற்றினால் கைக்காசு போகும் என்று தாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பொக்லைன் பையனைக் குறைசொல்லி என்ன பயன்?

"ஒண்ணு போனா பத்து நடுறோம்ல?" என்பார்கள். நெடுஞ்சாலைப் புளியமரங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, நம்பர் போட்டு, வருஷா வருஷம் காய்ப்பை ஏலம் விட்ட மரங்கள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊர் வரும்வரை முகத்தில் வெயில் படாது. தென்பாண்டிச் சாலைகளில் நிழல்மரங்கள் வைத்ததற்காக ராணி மங்கம்மாளை இன்றும் நினைக்கிறோம். நாலு வழிச்சாலைக்காக அந்தப் புளியமரங்களை எடுத்தார்கள். பதிலுக்கு நடுத்திட்டில் அரளியும் காகிதப்பூவும். அந்த அரளியின் கீழே ஒரு வழிப்போக்கர் ஒதுங்க முடியுமா? எண்பது வயது மரத்துக்கு ஈடு, எண்பது வருஷம் தண்ணீர் ஊற்றிக் காத்தால்தான் கிடைக்கும். நட்டுப் படம் எடுத்த மறுகோடையில் தண்ணீர் லாரி வந்ததா என்று யார் பார்க்கிறார்கள்?

மரத்துக்காவது என்னைப்போல் நாலு பேர் குரல் கொடுக்கிறோம். செடிகொடிக்கு அதுவும் இல்லை. மனைப்பிரிவு போடுகிறவர்கள் முதல் வேலையாக 'சைட் கிளீனிங்' என்று எல்லாவற்றையும் வழித்தெடுக்கிறார்கள். ஆவாரை, நொச்சி, ஆடாதொடை, காரை, சூரை, தும்பை எல்லாம் அவர்களுக்கு ஒரே பெயர்: புதர். கொங்குநாட்டுத் தோட்டங்களில் கிளுவை வேலி இருக்கும். வேலி மட்டுமா அது? செம்போத்து, தவிட்டுக்குருவி, கௌதாரி, கீரி, ஓணான் என்று ஒரு குடித்தனமே அதற்குள் நடக்கும். அதைப் பிடுங்கிவிட்டு ஹாலோபிளாக் சுவர் எழுப்புகிறார்கள். அரையடி மேல்மண்ணோடு, அதில் உறங்கிக்கொண்டிருந்த விதைகளும் லாரி ஏறிப் போய்விடுகின்றன. பிறகு அழகுக்கு என்று கோனோகார்பஸ் வரிசை நடுகிறார்கள். குஜராத் அரசு 2023-இல் நடக்கூடாது என்று தடை போட்ட அதே செடி. மனையின் ஓரத்தில் பத்தடி அகலத்துக்குப் பழைய வேலியை விட்டுவைத்தால் எந்த மனை விற்காமல் போய்விடும்?

இதெல்லாம் முடியாத காரியமா? இணையக் கேபிள் போடுகிறவர்கள் ரோட்டைப் பிளக்காமல், இந்தப் பக்கம் ஒரு குழி அந்தப் பக்கம் ஒரு குழி எடுத்து, அடியிலேயே துளைத்து இழுத்துவிடுகிறார்கள். தாருக்குக் காட்டுகிற அந்தக் கரிசனத்தை வேருக்கும் காட்டலாம். மரத்தருகே மட்டும் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு கையால் தோண்டலாம். தடித்த வேர் வந்தால் குழாயை அதற்கு அடியில் நுழைக்கலாம். வெட்டியே ஆக வேண்டிய சிறிய வேரை, பக்கெட்டால் கிழிக்காமல் ரம்பத்தால் நறுக்கென்று அறுத்து, பள்ளம் மூடும்வரை ஈரச்சாக்கு போர்த்தி வைக்கலாம். இரண்டு ஆள் கூலி, நாலு சாக்கு, ஒரு நாள் தாமதம். பாதி நூற்றாண்டு நின்ற ஓர் உயிருக்கு இதுகூடவா கட்டுப்படியாகாது?

இஸ்திரிக்கார அண்ணன் இப்போது நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, காலையில் ஒன்பதரைக்கே வண்டியை மூடிவிடுகிறார். "மரத்தடியில நின்னப்ப ரெண்டு மணி வரைக்கும் தாங்குவேன்மா" என்றார் போன வாரம். நான் பதில் சொல்லாமல் துணி மூட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பக்கத்துத் தெருவில் முந்தாநாள் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு பூவரசின் அடிமரத்தை ஒட்டியே கோடு போகிறது. நானும் இன்னும் மூன்று பேரும் அளவு நாடாவோடு பொறியாளரைப் பார்க்கப் போகிறோம். உங்கள் தெருவிலும் கோடு போடுவார்கள். கோடு போட்ட அன்றே போய்க் கேளுங்கள்: மரத்தருகே எத்தனை அடி விடுகிறீர்கள், எங்கே வளைக்கிறீர்கள், எஸ்டிமேட்டில் அது எந்த வரி என்று. பொக்லைன் வந்த பிறகு போய்க் கத்திய என் குரல், அந்த வேம்பின் ஒரு வேரைக்கூடக் காப்பாற்றவில்லை.