அரண்மனையிலும் சுதேசி

இங்கிலாந்து ராஜ குடும்பத்தில் விவாகம் நடைபெறும்போதெல்லாம், மணப்பெண்ணின் ஆடையைப் பற்றிய பேச்சு மற்றெல்லாவற்றையும் மிஞ்சி நிற்பது வழக்கம். அதன் நிறம் என்ன, நீளம் எவ்வளவு, பதித்த முத்துக்கள் எத்தனை என்று பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதித் தீர்க்கின்றன. அவற்றைப் படித்தவர்கள் அதே மாதிரியான உடை தமக்கும் வேண்டுமென்று கடைகளை நாடுகின்றனர். இதெல்லாம் வீண் ஆடம்பரம், கருத்தில் கொள்ளத் தக்கதன்று என்று தள்ளிவிடுவோரும் உளர். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. அந்த ஆடையை நெய்தவர் யார், அதனால் யாருக்குப் பிழைப்புக் கிடைத்தது என்று கேட்கத் தொடங்கினால், ஒரு தேசம் தன் கைத்தொழிலை எவ்விதம் பேணிற்று, பிறர் கைத்தொழிலை எவ்விதம் நடத்திற்று என்ற சரித்திரமே நம் கண்முன் விரிகின்றது.

மணமகள் வெள்ளுடை தரிக்கும் வழக்கத்தை இன்று உலகின் பல பாகங்களிலும் காண்கிறோம். இது பெரிதும் பரவியது விக்டோரியா மகாராணியின் விவாகத்துக்குப் பின்னரேயாகும். அதற்கு முன் ராஜகுமாரிகள் வெள்ளிச் சரிகையாடை அணிவது உண்டு. 1816-ம் வருஷம் சார்லட் இளவரசி அவ்வாறே அணிந்தார். 1840-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி விக்டோரியா மகாராணி மணம் புரிந்தபோதோ, லண்டனைச் சார்ந்த ஸ்பிடல்பீல்ட்ஸ் நெசவாளர் நெய்த வெள்ளைப் பட்டையும், டெவன்ஷயரில் பீர் என்னும் சிற்றூர்ப் பெண்கள் கையால் பின்னிய லேஸையுமே தேர்ந்துகொண்டார். யந்திர லேஸ் வந்தபின் அப்பெண்களின் தொழில் க்ஷீணித்துப் போயிருந்தது. மகாராணியின் உத்தரவினால் இருநூறுக்கு மேற்பட்டோருக்குப் பல மாதங்கள் வேலை கிடைத்தது. அந்த லேஸ் நன்றாகத் தெரியும்படி செய்வதற்கு வெண்மையே ஏற்ற நிறமாயிற்று. மகாராணி அந்த முக்காட்டைத் தம் அறுபதாம் ஆண்டு ஆட்சி விழாவிலும் அணிந்தார். 1901-ல் அவர் மறைந்தபோது அது அவருடனேயே அடக்கம் செய்யப்பட்டது.

இச்செயலை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இது சுதேசியமல்லாமல் வேறென்ன? அந்நியச் சரக்கு எவ்வளவு நேர்த்தியாயிருப்பினும், நம் அயலவரின் அடுப்பு எரியவேண்டும் என்ற எண்ணத்தோடு உள்நாட்டுச் சரக்கை வாங்குவதே சுதேசி விரதத்தின் சாரம். இங்கிலாந்து இதை நம்மிடமிருந்து கற்கவில்லை. நெடுநாள் முன்பே அனுஷ்டித்து வந்தது. 1719-ல் இதே ஸ்பிடல்பீல்ட்ஸ் நெசவாளர், நம் சோழமண்டலக் கரை முதலிய இடங்களிலிருந்து சென்ற சீட்டித் துணிகளால் தங்கள் பிழைப்புக் கெட்டதென்று கலகம் செய்தனர்; சீட்டியுடுத்தி வீதியில் சென்ற பெண்களின் ஆடையைக் கிழிக்கவும் தலைப்பட்டனர். பார்லிமெண்டு அவர்களைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. 1721-ல் சட்டமியற்றி, அச்சிட்டதும் சாயமிட்டதுமான பருத்தித் துணிகளை, சில வகைகள் நீங்கலாக, உடுத்துவதையே குற்றமாக்கிற்று. அந்நியத் துணி பகிஷ்காரத்துக்கு இதைவிடக் கடுமையான உதாரணம் உண்டோ?

அரண்மனைக்கு இந்த நியாயம். ஆளப்பட்ட நாட்டுக்கோ வேறு நியாயம். லேஸ் பின்னும் ஏழைப் பெண்களுக்கு இரங்கிய அதே மகாராணியின் ஆட்சியில், 1896-ம் வருஷம், இந்திய ஆலைகளில் நெய்த துணிக்கு நூற்றுக்கு மூன்றரை வீதம் உற்பத்தி வரி விதிக்கப்பட்டது. இந்திய ஆலைகள் லங்காஷயருக்குப் போட்டியாக வளர்ந்துவிடக் கூடாதென்பதே அதன் நோக்கம். அவ்வரி ஏறக்குறைய முப்பதாண்டுகள் நீடித்தது. தன் நெசவாளன் பட்டினி கிடப்பதைப் பொறுக்காத தேசம், பிறர் நெசவாளன் பட்டினியைப் பொருளாதார விதியென்று சொல்லி அமைந்திருந்தது.

இனி 1947-ம் வருஷத்துக்கு வருவோம். நவம்பர் 20-ந் தேதி எலிஸபெத் இளவரசியின் விவாகம் நடந்தது. யுத்தம் முடிந்தும் பிரிட்டனில் துணிப் பங்கீடு நீங்கவில்லை. பட்டத்துக்குரிய இளவரசியும் கூப்பன் கொடுத்தே துணி பெறவேண்டியிருந்தது. நாட்டுப் பெண்கள் பலர் தங்கள் கூப்பன்களை அன்புடன் அனுப்பினர். ஒருவர் கூப்பனை மற்றொருவர் உபயோகிப்பது சட்ட விரோதமாகையால் அவை திருப்பியனுப்பப்பட்டன. நார்மன் ஹார்ட்னெல் வரைந்த அந்த உடைக்குரிய பட்டு, ஸ்காட்லாந்திலுள்ள டன்ஃபெர்ம்லினில் நெய்யப்பட்டது. பதினாயிரம் சிறு முத்துக்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன. 350 பெண்கள் ஏழு வாரம் உழைத்தனர். பட்டுப் புழுக்கள் எந்நாட்டவை என்று கூடக் கேள்வி பிறந்தது. பகை நாடுகளாயிருந்த இத்தாலியையோ ஜப்பானையோ சேர்ந்தவை அல்ல, சீனத்துப் புழுக்களே என்று ஹார்ட்னெல் சமாதானம் கூறவேண்டியிருந்தது. புழுவின் பிறப்பிடத்தையும் விசாரித்த தேசம், அந்நியத் துணியைத் தீயிலிட்ட நம்மைக் குறுகிய மனத்தினர் என்று சொன்னதை நாம் மறக்கவில்லை.

அந்த விவாகத்துக்கு இந்தியாவிலிருந்து சென்ற பரிசுகளில் ஒன்று காந்தியடிகளுடையது. தமக்கென்று உடைமை ஏதும் வைத்துக்கொள்ளாத அம்மகான், மவுண்ட்பேட்டன் பிரபுவின் யோசனைப்படி, தம் கையால் நூற்ற நூலைக் கொண்டு பின்னிய ஒரு சிறு துணியை அனுப்பினார். அதில் “ஜய் ஹிந்த்” என்ற சொற்கள் பின்னப்பட்டிருந்தன. மணமகளின் பாட்டியாரான மேரி ராணி அதை இடுப்புத் துணியென்று தவறாக எண்ணி முகஞ்சுளித்ததாகக் கூறுவர். அவ்வளவு வைர வைடூரியங்களுக்கு நடுவே வைக்கப்பட்டிருந்தபோதிலும், கொடுத்தவரே உழைத்துச் செய்த பரிசு அது. எலிஸபெத் ராணி அதைப் பத்திரமாக வைத்திருந்தார். 2022-ல் அவர் காலமானபோது, அதைத் தமக்கு எடுத்துக் காட்டியதைப் பிரதமர் நரேந்திர மோதி நினைவுகூர்ந்தார்.

இவ்வளவும் சொன்ன பின்னர், வேறொன்றையும் சொல்லாமலிருப்பது நேர்மையாகாது. அரண்மனையின் ஆதரவு ஒரு தொழிலைச் சில காலம் தாங்கும், என்றென்றும் காப்பாற்றாது. மகாராணி உடுத்திய ஸ்பிடல்பீல்ட்ஸ் பட்டு அவருடைய காலத்திலேயே நலிந்தது. 1860-ல் பிரான்ஸுடன் செய்த வியாபார உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பட்டு தீர்வையின்றி வந்திறங்கவே, அந்நெசவு அடியோடு சாய்ந்தது. ஒரு மணநாளின் புகழ் தறியை ஓட்டாது. ஆயிரமாயிரம் சாமானியக் குடும்பங்கள் வருஷந்தோறும் வாங்கும் துணியே தறியை ஓட்டும்.

அண்மையில் நடந்த இரு விவாகங்களை இதற்கு ஒப்பிடலாம். 2011-ல் கேட் மிடில்டனின் உடையில் லேஸ் வேலைகளைச் செய்தவர்கள், 1872-ல் நிறுவப்பட்ட ராயல் ஊசிவேலைப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். வெண்மை மாசுபடாதிருக்க அரைமணிக்கொருமுறை கை கழுவி, மூன்று மணிக்கொருமுறை ஊசி மாற்றி அவர்கள் வேலை செய்தனராம். ஒரு விவாகத்துக்காக அல்லாமல், தலைமுறை தலைமுறையாகத் தொழில் கற்பிக்கும் ஸ்தாபனம் இருந்ததனாலேயே வேண்டிய வேளையில் வேண்டிய கைகள் கிடைத்தன. 2018-ல் மேகன் மார்க்கலின் உடையோ பாரிஸ் நகரத்து ஜீவான்ஷி நிலையத்தின் பெயரில் வந்தது. அவருடைய நீண்ட முக்காட்டில் காமன்வெல்த் நாடுகள் ஐம்பத்து மூன்றின் மலர்களைத் தைத்திருந்தனர். இந்தியாவின் தாமரையும் இலங்கையின் நீலோற்பலமும் அவற்றில் இருந்தன. எண்ணம் அழகியது, எனினும் ஒரு நாட்டின் மலரைத் தைப்பது வேறு, அந்நாட்டுத் தொழிலாளிக்கு வேலை கொடுப்பது வேறு. முன்னது மரியாதை, பின்னதே உதவி.

ஆகவே, ராஜ விவாகத்தின் படங்களைக் கண்டு மகிழும் நம் வாசகர்கள், உடையின் வெட்டையும் நீளத்தையும் மட்டும் மனத்தில் கொள்ளாமல், பீர் கிராமத்துப் பெண்களையும் மனத்தில் கொள்ளவேண்டும். தம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும்போது, சரிகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர், இது கைத்தறியா, நெய்தவர் எவ்வூரார், அவருக்குக் கிடைத்த கூலி என்ன என்று கேட்கவேண்டும். கடைக்காரர் முதல் நாள் விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் விசாரித்து வைப்பார். நூறு பேர் கேட்டால் அதற்கேற்ற சரக்கையே வாங்கி வைப்பார். கேட்க வேண்டியது நம் கடமை.