ஆண் குழந்தைதான் வேண்டுமா?

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ளது சுந்தரபாண்டியபுரம். குற்றாலத்தில் சாரல் விழும் காலத்தில் இங்கே சூரியகாந்தி பூத்துக் குலுங்கும். அதைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் வருவார்கள்.

இந்த ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையை நினைத்துக் கொள்ளுங்கள். மகனும் மருமகளும் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். பிள்ளை இல்லை. இந்தியாவில் ஒரு குழந்தையைத் தத்து எடுக்க முடிவு செய்து விட்டார்கள். போனில் தாயிடம் சொல்கிறார்கள். தாய் என்ன சொல்வாள்?

"நல்ல காரியந்தான் ராசா. ஆனா ஆம்பளைப் பிள்ளையாப் பார்த்து எடு. நாளைக்குக் கொள்ளி வைக்க ஆள் வேண்டாமா?"

அவளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அந்தக் காலத்தில் சுவீகாரம் என்றாலே மகனைத்தான் எடுப்பார்கள். 1956-ம் ஆண்டு வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம், பெண்ணையும் தத்து எடுக்கலாம் என்று வழி செய்தது. சட்டம் மாறி விட்டது. மனம் மாறியதா?

பெண் என்பதற்காகவே பச்சைக் குழந்தையைக் கொன்ற கொடுமை நம் நாட்டில் நடந்தது. அதைத் தடுக்க 1992-ம் ஆண்டு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. தொட்டிலுக்கு வந்தவை பெரும்பாலும் பெண் குழந்தைகளே!

எதுவானாலும் சரியா?

இன்று தத்து எடுக்க விரும்புவோர், மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கும் உள்நாட்டில் இருப்போருக்குச் சமமான உரிமை உண்டு. அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தார் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தருவார்கள். ஆணா, பெண்ணா, எதுவானாலும் சரியா என்ற கேள்வியும் வரும். குடும்பத்தின் மனம் அங்கேதான் தெரியும்.

தத்துப் போகும் குழந்தைகளில் பல ஆண்டுகளாகப் பெண்களே அதிகம். கேட்க மகிழ்ச்சிதான். ஆனால், கைவிடப்படுவதிலும் பெண்களே அதிகம் என்பதை மறந்து விடக் கூடாது.

வெளிநாட்டுத் தம்பதிகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை, இங்கே யாரும் எடுக்காத குழந்தைகள். வயது கூடிய குழந்தைகள், உடற்குறை உள்ள குழந்தைகள். அவர்களையும் அந்தத் தம்பதிகள் அன்போடு அழைத்துப் போகிறார்கள். நாம் ஆண், பெண் என்று தயங்கலாமா?

"பெண்தான் வேண்டும், அவள்தான் கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றுவாள்" என்பவர்களும் உண்டு. இதுவும் லாப நட்டக் கணக்குத்தான். தாய் தகப்பன் இல்லாத குழந்தைக்கு வீடு தருவதுதான் தத்து. நமக்கு ஊன்றுகோல் தேடுவது அல்ல.

கொள்ளிக் கவலையா? மகளே கொள்ளி வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் இன்று உண்டு.

ஆகவே, குழந்தை வருவதற்கு முன்பே வீட்டில் பேசி விடுங்கள். பாட்டியையும் சேர்த்துப் பேசுங்கள். கடல் தாண்டி வாழப் போகும் அந்தக் குழந்தை, விடுமுறைக்கு இந்தத் திண்ணைக்குத்தான் வரும். "பையனாக இருந்திருக்கலாமே" என்ற ஒரு சொல் அதன் காதில் விழுந்தால் போதும். ஆயுள் முழுக்க அது ஆறாத புண்.

"எதுவானாலும் எங்கள் பிள்ளைதான்" என்று முதலில் பாட்டி சொல்லட்டும்.