கிடந்துவிட்டுப் போகட்டும்!

"அது பாட்டுக்குக் கிடந்துவிட்டுப் போகட்டும் ஸார், உங்களை என்ன செய்கிறது?"

தேவையில்லாமல் மார்பில் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டுவிட்ட ஒருவர், 'இதை எடுத்துவிடலாமா?' என்று கேட்டால் அவருக்குக் கிடைக்கிற பதில் இது. டாக்டர் சொல்கிறார், டாக்டர் சொன்னதை மருமகன் சொல்கிறார், மருமகன் சொன்னதை எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை. பலர் விஷயத்தில் அது சரியான பதிலாகவே இருக்கலாம். ஆனால் கேள்வி முடிவதற்குள் வந்து விழுகிற பதிலை யோசனை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த யந்திரத்தின் மேல் எனக்குப் பகையில்லை. 1958 அக்டோபர் 8-ம் தேதி ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்ஸன் என்பவரின் உடம்புக்குள் முதல் பேஸ்மேக்கரை வைத்தார்கள். சில மணி நேரத்தில் அது நின்றுவிட்டது. ஆனாலும் மனிதர் விடவில்லை. அடுத்தடுத்து 20-க்கும் மேற்பட்ட யந்திரங்களை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். முதல் யந்திரத்தைச் செய்த எஞ்சினீயரும் அதை வைத்த ஸர்ஜனும் இறந்த பிறகும் அவர் இருந்தார்! இதைவிட என்ன பெருமை வேண்டும்? ஆனால் தண்ணீர் உயிர் காக்கும் என்பதற்காகத் தாகமில்லாதவனைப் பிடித்துக் கிணற்றில் தள்ளுவார்களா?

தள்ளியிருக்கிறார்கள். அமெரிக்காவில், கெண்டக்கி மாநிலத்து இருதய டாக்டர் ஒருவர் தேவையற்ற பேஸ்மேக்கர்களை வைத்துப் பணம் பறித்தார் என்று 2018-ல் கோர்ட்டில் நிரூபணமாகி 42 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இப்படி அயோக்கியத்தனத்தால் நேர்வது ஒரு பக்கம் இருக்க, அவசரத்தால் நேர்வதும் உண்டு. நாடி மெதுவாவதற்கு இருதயக் கோளாறுதான் காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் அதைச் செய்யும். தைராய்டு குறைந்தால் நேரும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் நேரும். காரணத்தைச் சரிசெய்தால் நாடி தானே சரியாகும். அதற்குள் பெட்டி உள்ளே போய்விட்டால்?

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு அப்படித்தான் போயிற்று. மயங்கி விழுந்தார், நாடி மெதுவாக இருந்தது, அன்று இரவே பேசி முடித்து, மறுநாள் வைத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்து வேறொரு டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டி, "அந்த மாத்திரையை நிறுத்திப் பார்த்திருந்தாலே போதுமே!" என்றார். இப்போது பாட்டரி தீரும் சமயம். மகன், "புதுசா ஒண்ணு வெச்சுடலாம்ப்பா, எதுக்கு வம்பு?" என்கிறான். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கேள்வி கேட்டே வளர்த்த மனிதர், தம் நெஞ்சைப் பற்றிய கேள்விக்கு இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

'அப்படியானால் உடனே பிடுங்கி எறியவேண்டியதுதானே!' என்று ஆத்திரப்படுகிறவர்களும் உண்டு. அவர்களையும் நான் எதிர்க்கிறேன். தோலுக்கு அடியில் இருக்கும் பெட்டியை எடுப்பது சிறிய காரியம். பெட்டியிலிருந்து ரத்தக் குழாய் வழியே இருதயத்துக்குள் போகும் கம்பி வேறு விஷயம். நாளாக ஆக உடம்பு அதைச் சுற்றித் தழும்பு கட்டி, தன் சதையோடு சேர்த்துக்கொண்டுவிடுகிறது. பழைய கம்பியை இழுக்கும்போது குழாயோ இருதயமோ கிழியலாம். அபூர்வமாக உயிரே போகலாம். சீழ் பிடித்துவிட்டால் அந்த ஆபத்துக்குத் துணியத்தான் வேண்டும். வெறும் கோபத்துக்காகத் துணியலாமா?

எடுப்பதற்கும் விடுவதற்கும் நடுவே வழிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இருதயம் தானாகத் துடிக்கும் வரை யந்திரம் சும்மா இருக்கும்படி அதன் வேகத்தை வெளியிலிருந்தே குறைத்து வைக்கலாம். அது எத்தனை தடவை வேலை செய்தது என்ற கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது, படித்துப் பார்க்கலாம். வேலை செய்யவே இல்லை என்பதால் மட்டும் தேவையில்லை என்று ஆகிவிடாது. காவற்காரன் வருஷம் முழுவதும் தூங்கினாலும் திருடன் வருகிற ஓர் இரவுக்கு அவன் வேண்டும். அதனால் பரிசோதனை வேண்டும், பொறுமை வேண்டும். தேவையில்லை என்று உறுதியானால், பாட்டரி தீரும்போது புதுப் பெட்டி வைக்காமல் விட்டுவிடலாம். அல்லது பெட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கம்பியை விட்டுவைக்கலாம். விட்ட கம்பிக்கும் பின்னால் தொல்லை வரலாம். அதையும் சொல்லிவிட்டே செய்யவேண்டும்.

ஆகவே, பாட்டரி தீரும் காலம்தான் உண்மையான தீர்மானத்துக்கு உரிய காலம். சாதாரணமாக அது எட்டுப் பத்து வருஷத்தில் வருகிறது. அன்று நாம் என்ன செய்கிறோம்? கடிகாரத்துக்கு பாட்டரி மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டு வருகிறோம். மறுபடி திறப்பதில் சீழ் பிடிக்கும் அபாயம் முதல் தடவையைவிட அதிகம் என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை. முதல் பெட்டி பதற்றத்தில் வைக்கப்பட்டது. மயங்கிக் கிடந்தவனைக் காப்பாற்ற நினைத்த கைகளை நான் மன்னிப்பேன். இரண்டாவது பெட்டிக்கு அந்தப் பதற்றம் இல்லை. அவகாசம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, நோயாளி நினைவோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அப்போதும் அவனைக் கேட்காமல் வைத்தால் அதற்கு மன்னிப்பு ஏது?

'ஏன் வைத்தீர்கள்? இன்னும் தேவைதானா? எடுத்தால் என்ன, விட்டால் என்ன?' இந்த மூன்றையும் கேட்பது டாக்டரை அவமதிப்பது என்று நம் ஜனங்கள் பயப்படுகிறார்கள். நல்ல டாக்டர் இதற்குச் சந்தோஷப்படுவார். எரிந்து விழுகிறவரிடம் நெஞ்சைக் கொடுக்கலாமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எல்லாம் கேட்டு, எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அந்த மனிதரே, "சரி, கிடந்துவிட்டுப் போகட்டும்" என்று சொன்னால், அதற்குமேல் சொல்ல எனக்கும் ஒன்றுமில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லும் பாத்தியதை அவர் ஒருவருக்குத்தான் உண்டு.